என் காருக்குள் மரியாதை கிடையாது

என் காருக்குள் மரியாதை கிடையாது. புதிதாக வரும் எல்லோரிடமும் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். "உள்ள உட்கார்ந்துட்டா 'நில்லு'ன்னுதான் சொல்லுவேன், 'திருப்பு'ன்னுதான் சொல்லுவேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது. இறங்கினதும் அந்த மரியாதைய மொத்தமாத் திருப்பித் தந்துடுறேன்." பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சிரிக்காதவர்களுக்குக் காரணத்தையும் சொல்லுவேன். 'கொஞ்சம் நிறுத்துறீங்களா, ப்ளீஸ்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கார் சிவப்பு விளக்கைத் தாண்டி, எதிர்க்கடையில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடும்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஊர் விருதுநகர். இங்கே வந்த புதிதில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் எதையும் செய்யச் சொல்லமாட்டார்கள். 'உங்களுக்கு நேரமிருந்தால் இதை ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று யோசித்தேன்' என்று மின்னஞ்சல் வரும். நேரமில்லை என்று நானும் உண்மையைப் பதிலாகப் போட்டேன். அது கேள்வி இல்லை, உத்தரவு என்று பக்கத்து மேசைக்காரன் வந்து விளக்கவேண்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால்தான் நடக்கும் என்கிற தொழில் ஒன்று உலகத்தில் இருக்காதா என்று தேடி, இதற்கு வந்து சேர்ந்தேன். இதில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வேறு எந்த வேலையிலும் அதைக் கொடுக்கமாட்டார்கள்.

எனக்குத் தமிழ் மாணவர்கள்தான் அதிகம். ஊரிலிருந்து வந்த ஐ.டி. வீட்டுப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், இலங்கைக் குடும்பங்கள். இலங்கைக்காரர்களோடு பழகிப் பழகி 'ஆன்ட்டி' என்று சொல்லிக்கொண்டிருந்த நான் 'அன்ரி'க்கு மாறிவிட்டேன். நான் சொல்லப்போவதும் ஓர் அன்ரியைப் பற்றித்தான்.

அவர் முதலில் தொலைபேசியில் அழைத்தபோது என்ன வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. சுகம் விசாரித்தார். வெயில் பற்றிச் சொன்னார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "நீர் வேலைக்குப் போற பிள்ளை, நிறைய அலுவல் இருக்கும். சும்மா ஒருக்கா கேட்டுப் பாப்பம் எண்டு எடுத்தனான்" என்றார். என்ன கேட்க வேண்டும் என்றேன். "இல்லைப் பிள்ளை, உமக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று வைக்கப் போனார்.

"அன்ரி, உங்களுக்குக் கார் ஓட்டப் பழகணுமா?"

"ஓம்" என்றார். அந்த ஓமில் மட்டும் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை.

குவேக்கர்ஸ் ஹில்லில் அவர்கள் வீடு. அறுபதைத் தாண்டியவர். சேலையைக் கணுக்காலுக்கு மேலே வாகாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எழுத்துத் தேர்வை ஏற்கனவே முடித்து, ஓட்டப் பழகுகிறவர்கள் காரில் மாட்டும் மஞ்சள் எல் பலகையை வாங்கி, அதைத் துடைத்தும் வைத்திருந்தார். முதல் நாள் காரைக் கிளப்புவதற்கு முன்பு, வீட்டு வாசலிலேயே வைத்து எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் கணவருக்கு, நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவருக்கு, கண் மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஓரம் தெரிகிறது, நடுவில் தெரியவில்லை. கண் டாக்டர் மென்மையான மனிதர். 'இனிமேல் கார் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நல்லதாக இருக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார். அங்கிளும் யோசித்துப் பார்த்தார். யோசித்துப் பார்த்து, ஒரு பிரச்சினையும் இல்லை என்று முடிவெடுத்து, பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியை இடித்துச் சாய்க்கும் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் 'ஓட்டாதே' என்று சொல்லியிருந்தால் அங்கிள் அன்றைக்கே சாவியை வைத்திருப்பார். அந்தத் தலைமுறை ஆட்கள் டாக்டர் சொல்லைத் தட்டமாட்டார்கள். டாக்டர்தான் சொல்லவில்லையே.

ஒரே மகன் மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில் இருக்கிறான். புது வீடு கட்டி, கீழே பெற்றோருக்கென்று ஓர் அறையும் குளியலறையும் வைத்துக் கட்டியிருக்கிறான். குவேக்கர்ஸ் ஹில்லில் கார் இல்லாமல் வயதானவர்கள் இருக்க முடியாது என்பது அவன் கவலை. அதில் பிழை சொல்லவும் முடியாது. கடை, டாக்டர், கோயில் எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று அவன் நேரடியாகச் சொல்லவில்லை. 'நோ பிரஷர் அம்மா, நீங்களும் அப்பாவும் என்ன விரும்பிறீங்களோ அது' என்பானாம். அப்படிச் சொன்ன அடுத்த வாரமே வீடு விற்கும் ஏஜென்ட் ஒருத்தர் வந்து சுவர்களை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் அன்ரி, 'நான் லைசன்ஸ் எடுத்தால் என்ன?' என்று கேட்டிருக்கிறார். 'எடுத்தால் அங்கேயே இருங்கோ, அதுக்கென்ன' என்று மகன் சிரித்திருக்கிறான். அடுத்த பள்ளி விடுமுறைக்கு அவன் வருகிறான். அதற்குள் எடுக்க வேண்டும்.

"மகன் வீட்ல உங்களுக்கு என்ன அன்ரி குறை?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு குறையும் இல்லை. மகன் நல்ல பிள்ளை, மருமகளும் நல்ல பிள்ளை. ஆனா அது அவையின்ர குசினி." குசினி என்றால் அவர்களுக்கு அடுப்படி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "நான் அடுத்தவரின்ர வீட்டில இருந்து தேய்ஞ்ச ஆள் பிள்ளை. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து சொந்தக்காரர் வீடு, பிறகு கொழும்பில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில ஒரு அறை, இஞ்ச வந்து மெரிலேண்ட்ஸில இவரின்ர தமையன் வீடு. குசினிக்குள்ள போறதெண்டாலும் கேக்கவேணும். 'தேத்தண்ணி வைக்கட்டோ?' 'ஒரு கரண்டி எடுக்கட்டோ?' 'லைற் போடட்டோ?' ஒருத்தரும் ஏலாதெண்டு சொன்னதில்லை. ஆனா ஒவ்வொருக்காவும் கேக்கவேணும். இந்த வீடு வாங்கின பிறகுதான் நான் கேக்கிறதை விட்டனான். திரும்பவும் நான் கேக்கமாட்டன்."

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவையாக இருக்கவில்லை. இந்த அம்மாளுக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுக்காவிட்டால் நான் விருதுநகர்க்காரி இல்லை என்று அந்த வாசலிலேயே முடிவு செய்தேன்.

ஆனால் முதல் பாடத்திலேயே என் சட்டம் செத்துவிட்டது. என் அம்மாவைவிட மூத்த ஒருவரிடம் 'திருப்பு' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அன்ரி, அடுத்த தெருவுல இடது பக்கம் திரும்பலாமா?" என்று கேட்டேன். "திரும்பலாம் பிள்ளை, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போனார். அதைவிடப் பெரிய சிக்கல், நான் பேசினால் அவர் என் முகத்தைப் பார்த்துவிடுவார். பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதானே மரியாதை. ஒரு நிறுத்தக் கோட்டுக்குப் பக்கத்தில், "அங்க நிறுத்தணும் அன்ரி, கொஞ்சம் பிரேக் போடுறீங்களா?" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, கனிவாக, "போடுறன் பிள்ளை" என்றார். கார் கோட்டைத் தாண்டியது. வலப்பக்கமிருந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்தது.

"நில்லு!"

நான் கத்தியது எனக்கே கேட்டது. அவர் காலும் என் காலும் ஒன்றாக பிரேக்கில் விழுந்தன. வேன்காரன் எங்களைத் திட்டிக்கொண்டே போனான். அன்ரி காரை மெல்ல ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, நாளைக்கு வேறு ஆளைத் தேடிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"ஆர் உமக்கு இப்பிடிக் கத்தப் பழக்கினது?"

"விருதுநகர், அன்ரி."

"நல்ல ஊர்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ர அப்பாகூட என்னோட இப்பிடிக் கதைச்சதில்லை. ஆனா, முகத்தைப் பாக்காமலே காதில ஏறுது. இனியும் அப்பிடியே சொல்லும்."

அதற்குப் பிறகு பாடம் ஓடத் தொடங்கியது. 'திருப்பு', 'பாரு', 'கால எடு', 'போ' என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். சொன்னதைச் செய்வதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி பார்ப்பார், சிக்னல் போடுவார், தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்ப்பார். பின்பக்கமாகக் காரை நிறுத்துவதில் என் கல்லூரிப் பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். பாடம் முடிந்து இறங்கியதும் நானும் சொன்ன சொல் தவறாமல் அத்தனை மரியாதையையும் திருப்பிக் கொடுப்பேன். "வாங்க அன்ரி, பார்த்து இறங்குங்க அன்ரி" என்பேன். அவர் சிரிப்பார்.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர் எல்லோருக்கும் வழி விட்டார்.

ரவுண்டபௌட் என்று இங்கே சாலை நடுவில் வட்டமாக ஒரு திட்டு வைத்திருப்பார்கள். வட்டத்துக்குள் வருகிறவருக்கு வழி விடவேண்டும், வழி கிடைத்ததும் போகவேண்டும். குவேக்கர்ஸ் ஹில்லில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று உண்டு. அன்ரி வட்டத்துக்குள் வருகிறவருக்கும் விட்டார், இன்னும் வராதவருக்கும் விட்டார், தூரத்தில் யாரோ வரலாம் என்றும் விட்டார். கையை விரித்து, 'நீங்கள் போங்கோ' என்று சைகையும் காட்டுவார். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆட்களை அனுப்புகிற அதே கை.

ஒருநாள் மெரிலேண்ட்ஸ் கடைத்தெருப் பக்கம் கூட்டிப்போனேன். ஒரு சின்ன ரவுண்டபௌட்டில் நாங்கள் நின்றோம். வலப்பக்கத் தெருவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர், நெற்றியில் விபூதி. என் கால் என் பிரேக்குக்குப் போனது. அன்ரி கையைக் காட்டினார். பெரியவரும் கையைக் காட்டினார். அன்ரி தலையை ஆட்டி மறுபடியும் காட்டினார். பெரியவர் கண்ணாடியை இறக்கினார்.

"நீங்கள் போங்கோ தங்கச்சி!"

அன்ரியும் கண்ணாடியை இறக்கினார். "இல்லை அண்ணை, நீங்கள் போங்கோ! கோயிலில கண்டு கனகாலம். அக்கா சுகமோ?"

எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. நான் தொண்டை கிழிய "போ!" என்று கத்தினேன். அது அந்தப் பெரியவர் காதிலும் விழுந்திருக்கவேண்டும். இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பின. என் பக்கத்து பிரேக் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு அக்காவின் சுகத்தை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் விசாரித்திருக்கவேண்டும். பெரியவர் போகிறபோக்கில் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதைத் திருத்திவிட்டேன் என்று நம்பித்தான் முதல் டெஸ்டுக்குக் கூட்டிப்போனேன். தேர்வு அதிகாரி அவரோடு காரில் போவார், நான் அலுவலகத்தில் காத்திருக்கவேண்டும். திரும்பி வந்தபோது அன்ரி முகம் மலர்ந்திருந்தது. "நல்ல மனுசன் பிள்ளை. 'லவ்லி, லவ்லி' எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர்" என்றார். அந்த நல்ல மனுசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிக இனிமையாக, அன்ரி தோற்றுவிட்டார் என்றார். எல்லாம் நன்றாகச் செய்துகொண்டு போனவர், பரபரப்பான சாலை நடுவில், பாதசாரிகள் கடக்கும் கோடே இல்லாத இடத்தில், காரை நிறுத்தியிருக்கிறார். ஓரத்தில் ஒரு கிழவர் பையோடு நின்றிருக்கிறார். அவரைக் கடந்து போகச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். கிழவர் அசையவில்லை. அன்ரியும் விடவில்லை, மறுபடி மறுபடி வற்புறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த கார் டயர் தேய நின்றிருக்கிறது. கிழவர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

தோற்றுவிட்டீர்கள் என்று அன்ரியிடம் சொன்னவள் நான்தான். அவர் அதை நம்பவில்லை. "பிறகேன் அந்த மனுசன் லவ்லி எண்டவர்?" என்று கேட்டார். இந்த ஊரில் இத்தனை காலம் இருந்தும் அதை நானே இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அவரை வீட்டில் விடப் போனபோது மகன் தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தான். 'இற்ஸ் ஓகே அம்மா. ஒருவேளை இது நல்லதுக்கோ தெரியேல்ல. நோ பிரஷர்' என்றான். உண்மையான அன்போடுதான் சொன்னான், அதுதான் எனக்கு எரிச்சல். அன்ரி எனக்குத் தேநீர் ஊற்றினார். அங்கிள் முன்னறை நாற்காலியில் இருந்தபடி, "இஞ்ச எனக்கும் ஒண்டு கொண்டாரும்" என்றார். ஊரில் ஏதோ அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தமாட்டார். ஆனால் அவர் வாயில் மனைவியிடம் பேசும் பேச்செல்லாம் 'கொண்டாரும், எடும், பாரும்' என்றுதான் முடியும். அன்ரி அவருக்குக் கொடுத்துவிட்டு வந்து, எனக்குப் பிஸ்கட் எடுத்துவைத்து, தனக்கு எதுவும் எடுக்காமல் நின்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உட்காருங்க அன்ரி" என்றேன். காருக்கு வெளியே அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. உட்கார்ந்தார். "ரோட்ல உங்க முறை வந்தா நீங்க போயே ஆகணும். விட்டுக்கொடுக்கிறது நல்ல பழக்கம்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. நீங்க அந்தக் கிழவருக்கு எதை விட்டுக்கொடுத்தீங்க? உங்க பின்னாடி வந்தவனோட வழியத்தானே? அவன் வண்டில கைக்குழந்தை இருந்திருந்தா? உங்க முறைய மட்டும் நீங்க குடுக்கல. உங்க பின்னாடி நிக்கிற அத்தனை பேர் முறையையும் அவங்களைக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டீங்க."

அன்ரி என் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று எனக்குள் உதைத்தது. ஆனாலும் திரும்பப் பெறவில்லை.

"எனக்குப் பின்னால ஆரும் நிக்கினம் எண்டு நான் யோசிச்சதே இல்லைப் பிள்ளை" என்றார். "நான் எப்பவும் கடைசி ஆள்தானே." பிறகு எழுந்து போய்த் தனக்கும் ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து குடித்தார்.

அடுத்த பாடத்திலிருந்து புது ஏற்பாடு. நான் 'போ' என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ரவுண்டபௌட்டிலும் வழி கிடைத்ததும் அவரே, வாய்விட்டு, "என்ர முறை" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். முதல் நாள் அவருக்குச் சொல்லே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, கார் அசையவில்லை. "கேக்கல" என்றேன். "என்ர முறை" என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதைப் போல முனகினார். "லாரிக்காரனுக்குக் கேக்கணும்" என்றேன். நாள் போகப் போகக் குரல் ஏறியது. ஒருநாள் எதிரே வந்த ஒருத்தன் விதியை மீறி உள்ளே மூக்கை நுழைத்தபோது, அன்ரி ஹாரனில் கையை வைத்து, "என்ர முறையடா!" என்றார். அந்த 'டா'வை அவர் எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. இருவரும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தோம்.

பள்ளி விடுமுறைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. இரண்டாவது டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது. இதிலும் தோற்றால் அடுத்த தேதி மகன் வந்துபோன பிறகுதான். அன்றைக்குக் காலையில் நான் போய் நின்றபோது அங்கிள் சட்டை மாற்றி, தலைசீவி, காரின் பின்சீட்டில் ஏறியே உட்கார்ந்துவிட்டார். "நானும் வாறன். ஒரு துணைக்கு" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அன்ரி ஒன்றும் சொல்லாததால் நானும் விட்டுவிட்டேன்.

கார் தெருமுனை தாண்டவில்லை, பின்னாலிருந்து தொடங்கியது. "மெல்லமாப் போம்." "சிக்னலைப் போடும்." கண் நடுவில் தெரியாத மனிதர், பழக்கத்தில் சாலையையே மனப்பாடமாக வைத்திருந்தார். "இதில பொறும், ஆரும் வருவினம்." "அவனை விடும்." "அவனை விட்டுட்டுப் போம் எண்டுறன்." ஒரு ரவுண்டபௌட்டில் வழி சுத்தமாகக் கிடந்தது. அன்ரி வாயைத் திறந்தார். "பொறும்!" என்றார் அங்கிள். அன்ரியின் கால் பிரேக்குக்குப் போனது. பின்னால் ஹாரன் கேட்டது. அவர் கை மறுபடியும் ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து, விரிந்து, யாருக்கோ வழி காட்டத் தயாரானதை நான் பார்த்தேன். அத்தனை நாள் உழைப்பும் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அங்கிளைப் பார்த்து நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நல்ல சொல்லாக இருந்திருக்காது.

அதற்குள் அன்ரி வட்டத்தைத் தாண்டி, கண்ணாடி பார்த்து, இடது சிக்னல் போட்டு, தோளுக்கு மேலே பார்த்து, ஒரு பூங்கா பெஞ்சுக்கு எதிரே காரை நடைபாதைக் கல்லோடு ஒட்டி நிறுத்தினார். அவ்வளவு அழகாக அவர் அதுவரை நிறுத்தியதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். முகம் திருப்பாமல், முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"இறங்குங்கோ."

"என்ன?"

"இறங்குங்கோ. அந்த வாங்கில இருங்கோ. நிழல் இருக்கு. சோதினை முடிஞ்சதும் நான் வந்து ஏத்துறன்."

குரலில் கோபம் துளியும் இல்லை. கணவருக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை ஒவ்வொரு சொல்லிலும் முழுசாக இருந்தது. ஆனால் அது கேள்வி இல்லை. அங்கிளுக்கும் அது புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து எதையோ தேடினேன். கதவு திறந்தது, மூடியது. அன்ரி கண்ணாடியை இறக்கித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "வெயில் வந்தா மற்றப் பக்கம் மாறி இருங்கோ" என்றார். பிறகு கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, தோளுக்கு மேலே பார்த்துக் கிளம்பினார். போகும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

இந்த முறை வேறோர் அதிகாரி. சிரிக்காத பெண். லவ்லி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, அன்ரியிடம், "பாஸ்" என்றாள். அவ்வளவுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அழுகிற ஆள் இல்லை. அன்ரி என் தோளைத் தட்டி, "சரி, சரி, வாரும், அந்த மனுசன் வெயிலுக்குள்ள" என்றார்.

எல் பலகையைக் கழற்றிப் புது லைசன்ஸ்காரருக்கான சிவப்புப் பி பலகையை மாட்டினோம். அவரே ஓட்டினார். பூங்காவுக்கு வந்தபோது அங்கிள் பெஞ்சின் மறு முனைக்கு மாறி உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனேன், என் சொந்தக் காரில் முதல் தடவையாக. அங்கிள் முன்கதவுக் கைப்பிடியைத் தடவிப் பிடித்தார். பிடித்தவர் திறக்கவில்லை. குனிந்து, கண்ணாடி வழியாக, ஓரக் கண்ணால் மனைவியைத் தேடினார்.

"ஏறலாமோ?" என்று கேட்டார்.

"ஏறுங்கோ. பெல்ற்றைப் போடுங்கோ" என்றார் அன்ரி.

கொஞ்ச தூரம் போயிருப்போம். அங்கிளின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. அவரால் திரையில் பெயரை வாசிக்க முடியாது. அன்ரி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மகனாத்தான் இருக்கும், எடுங்கோ" என்றார். அங்கிள் தடவி அமுக்கினார். கார் முழுக்க அவன் குரல் கேட்டது.

"அப்பா, அம்மாவின்ர டெஸ்ட் என்ன மாதிரி? பரவாயில்லை, எதெண்டாலும் ஓகே. மற்றது, ஏஜென்ட் சனிக்கிழமை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைக் காட்டலாமோ எண்டு கேட்டவர். நோ பிரஷர். வரச் சொல்லட்டோ?"

அங்கிள் அன்ரியின் பக்கம் திரும்பினார். அன்ரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"வரவேண்டாம்" என்றார் அங்கிள் தொலைபேசியில்.

"அப்பா? ஏன், நீங்கள் ரெண்டு பேரும் இதை வடிவா யோசிச்சு..."

"அம்மா கார் ஓடுறா" என்றார் அங்கிள். "இப்ப கதைக்கக் கூடாது. வையடா ஃபோனை."